நெருக்கடியிலுள்ள வீட்டுரிமையாளரைத் தேடிச் செல்லும் கடிதங்கள்

ஐக்கிய அமெரிக்காவில் சொந்த வீடு வைத்திருக்கும் பலருக்கு ஒருவகைக் கடிதம் நன்கு பழக்கமானது. மஞ்சள் நிறக் கோடிட்ட தாளில், கையால் எழுதியது போன்ற எழுத்தில், ஐந்தாறு வரிகள் மட்டுமே அதில் இருக்கும். எழுதியவர் தமது முதற்பெயரை மட்டும் சொல்லி, இன்ன தெருவில் இன்ன இலக்கத்திலுள்ள உங்கள் வீட்டை வாங்க விரும்புகிறேன் என்பார். பணம் உடனே தரப்படும், திருத்த வேலை எதுவும் செய்யத் தேவையில்லை, தரகுக் கூலி கிடையாது என்று கூறி ஒரு தொலைபேசி இலக்கத்தையும் குறித்திருப்பார். வீட்டை விற்கும் எண்ணத்தை அதன் உரிமையாளர் எவரிடமும் வெளியிட்டிருக்க மாட்டார். விற்பனைப் பலகை எதுவும் வாசலில் இருக்காது.

பெரும்பாலானோர் இக்கடிதத்தைக் கிழித்தெறிந்துவிடுவர். ஆனால், இரண்டு வருட ஆதன வரியைக் கட்ட இயலாது தவிக்கும் ஒருவருக்கோ, அண்மையில் தாயை இழந்து அவரது பழைய வீட்டை என்ன செய்வதென்று அறியாதிருக்கும் மகளுக்கோ, அது தமது நிலைமையை அறிந்த ஒருவர் எழுதியது போலவே தோன்றும். அத்தோற்றம் முற்றிலும் பிழையானதன்று. எழுதியவர் அவரை நேரிற் கண்டதில்லை. ஆயினும் அவரது வரிப்பாக்கியையோ தாயின் மரணத்தையோ ஓர் இடாப்பின் மூலம் அறிந்தே அவருக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறார்.

இந்த இடாப்புகள் எங்கிருந்து கிடைக்கின்றன, அவற்றைக் கொண்டு எவ்வாறு வியாபாரம் நடைபெறுகிறது, அதனால் யார் நன்மையடைகின்றனர், யார் இழக்கின்றனர் என்பவை அமெரிக்காவில் சில வருடங்களாகச் சட்டமன்றங்கள் வரை சென்றுள்ள வினாக்களாகும். அங்கு வாழும் உறவினர் மூலம் இக்கடிதங்களைப் பற்றிக் கேள்விப்பட்டோர் எம்மிடையேயும் இருக்கக்கூடும். காணியை அவசரத்தில் விற்ற அனுபவமும், விற்றவரிடமிருந்து மலிவாக வாங்கியவரைக் கண்ட அனுபவமும் உள்ள எமது சமூகங்களுக்கு இவ்விடயம் அந்நியமானதன்று.

அமெரிக்காவில் வீடு விற்க விரும்புபவர் வழமையாக ஒரு தரகரை நாடுவார். தரகர் அவ்வீட்டின் விபரங்களைத் தரகர்கள் கூட்டாகப் பேணும் விற்பனைப் பட்டியலிற் சேர்ப்பார். அப்போது அப்பிரதேசத்திலுள்ள வாங்குநர் அனைவருக்கும் அது தெரியவரும். பலர் வந்து பார்ப்பர், போட்டி ஏற்படும், விலை உயரும். இப்பட்டியலுக்கு வராத வீட்டையே சந்தைக்கு வெளியேயுள்ள வீடு என்கின்றனர். போட்டி இல்லாத இடத்திலே விலை குறைவாக இருக்கும் என்பது வியாபாரத்தின் பாலபாடம். ஆனால் எல்லா உரிமையாளர்களும் குறைந்த விலைக்கு இணங்கமாட்டார்கள் அல்லவா? விலையைவிட விரைவு முக்கியமாகிவிட்ட ஒருவரே இணங்குவார். அத்தகையவரைத் துறைசார்ந்தோர் 'உந்துதலுள்ள விற்பனையாளர்' என நாகரிகமாக அழைக்கின்றனர். மரணம், விவாகரத்து, கடன் ஆகிய மூன்றுமே அந்த உந்துதலைத் தருபவை என்று அவர்களே தம்முள் கூறிக்கொள்வர்.

இம்மூன்றும் குடும்பத்தின் அந்தரங்கங்கள் என்றுதான் நாம் எண்ணுவோம். ஆயினும் அமெரிக்காவில் இவை மூன்றும் பொது ஆவணங்களில் தடம் பதிப்பவை. அங்கு காணிப் பதிவும் ஆதன வரி மதிப்பீடும் பெரும்பாலும் கவுண்டி எனப்படும் உள்ளூர் நிர்வாக அலகுகளின் பொறுப்பிலுள்ளன. உறுதி, ஈடு, கடன் வழக்கின் பேரிலான தடை ஆகிய அனைத்தும் கவுண்டிப் பதிவாளரிடம் பதியப்பட்டு, எவரும் பார்க்கக்கூடியவாறு இருக்கும். ஒருவரது காணி உரிமையை மற்றவர் சரிபார்க்க முடியாவிட்டால் நேர்மையான கொள்வனவே சாத்தியமில்லை என்பதனாலேயே பதிவேடுகள் திறந்து வைக்கப்பட்டன. அந்த நோக்கம் இன்றும் சரியானதே. ஆனால், ஒரு குறிப்பிட்ட காணியின் உரிமையைச் சரிபார்க்க வைக்கப்பட்ட பதிவேட்டைத் தலைகீழாகப் பிடித்து, இன்ன துன்பத்திலுள்ளோர் யார் யார் என்று கேட்கவும் கணினி வழிசெய்துவிட்டது.

உதாரணமாக வரி மதிப்பீட்டு ஏட்டை எடுத்துக்கொள்வோம். அதில் வீட்டின் விலாசமும், வரி அறிவித்தல் அனுப்பப்பட வேண்டிய விலாசமும் தனித்தனியே இருக்கும். இரண்டும் வேறாயின், உரிமையாளர் அவ்வீட்டில் வசிக்கவில்லை என்பது ஊகிக்கப்படும். வேறு மாநிலத்து விலாசமாயின் இன்னும் நல்லது. தூரத்திலுள்ள வீட்டைப் பராமரிப்பதில் அவருக்குச் சலிப்பு ஏற்பட்டிருக்கலாம். வரி கட்டத் தவறியோரின் பெயர்களைப் பல கவுண்டிகள் தாமே வெளியிடுகின்றன. ஈட்டுத் தவணை கட்டத் தவறினால், கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் வங்கி தவணை தவறிய அறிவித்தலைப் பதிவுசெய்ய வேண்டும்; அதன்பின் மூன்று மாதம் கழித்தே ஏல அறிவித்தலைப் பிரசுரிக்கலாம். நியூயோர்க், புளோரிடா போன்ற மாநிலங்களில் வங்கி நீதிமன்றம் செல்லவேண்டும். வழக்கு நிலுவையிலுள்ளமை பதிவேட்டிற் குறிக்கப்படும். கடனாளிக்கு அவகாசம் தருவதற்காகச் சட்டம் ஏற்படுத்திய இந்த இடைவெளியே கடிதம் எழுதுவோரின் அறுவடைக் காலமாகும்.

மரணசாசன வழக்குகளிலிருந்து இறந்தவரின் வீடும் நிறைவேற்றுநரின் பெயரும் கிடைக்கும். குடும்ப நீதிமன்றப் பதிவுகள் விவாகரத்தைத் தெரிவிக்கும். கூரை இடிந்தது, புல் வளர்ந்தது என நகரசபை விதித்த தண்டங்கள், குடியிருப்போரை வெளியேற்றக் கோரும் வழக்குகள், தபாற்காரர் ஆளில்லை என அடையாளமிட்ட விலாசங்கள் ஆகியவையும் தனித்தனி இடாப்புகளாகின்றன. இவற்றையெல்லாம் நாடளாவிய ரீதியிற் சேகரித்து, மாதச் சந்தாவுக்கு விற்கும் தரவு நிறுவனங்கள் உள்ளன. சந்தாதாரர் கணினியில் சில கட்டங்களைத் தெரிவுசெய்தாற் போதும்: இருபது வருடங்களுக்கு முன் வாங்கிய வீடு, ஈடு பெரும்பாலும் தீர்ந்தது, உரிமையாளர் வேறிடத்தில், வரி பாக்கி. சில நொடிகளில் பெயர்களும் விலாசங்களும் வந்துவிடும்.

இத்துறையில் மிகவும் மதிக்கப்படும் உத்தி இடாப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதாகும். வரிப்பாக்கி இடாப்பில் மட்டும் உள்ளவர் ஓர் ஆள். வரிப்பாக்கி, வெற்றுவீடு, நகரசபைத் தண்டம் ஆகிய மூன்றிலும் உள்ளவர் முதலில் அணுகப்பட வேண்டிய ஆள். துன்பங்கள் கூடக்கூட ஒரு மனிதரின் பெயர் இடாப்பின் மேலே ஏறுகின்றது என்பதை எழுதும்போது சற்றுக் கூச்சமாகவே உள்ளது. ஆயினும் நடைமுறை அதுதான்.

ஏன் கடிதம்? தொலைபேசியும் மின்னஞ்சலும் மலிந்த காலத்தில் தபால் ஏன் நீடிக்கிறது? அதற்கும் காரணமுண்டு. கணினி மூலம் தொலைபேசி அழைப்புகளை விடுப்பதை 1991 இல் இயற்றப்பட்ட ஐக்கிய அமெரிக்கச் சட்டமொன்று கட்டுப்படுத்துகிறது. வியாபார அழைப்பு வேண்டாமென இலக்கத்தைப் பதிந்துவைக்கும் தேசிய இடாப்பு 2003 இல் ஆரம்பிக்கப்பட்டது. அவ்விடாப்பு கடிதங்களைத் தடுப்பதில்லை. அத்துடன், பொது ஆவணங்களில் விலாசம் இருக்கும். தொலைபேசி இலக்கம் இருக்காது. முதலாம் வகுப்புத் தபாலில் அனுப்பினால், சேராத கடிதம் மேலதிகச் செலவின்றித் திரும்பி வரும். அதனைக் கொண்டு இடாப்பைத் திருத்திக்கொள்ளலாம். மலிவான வியாபாரத் தபாலில் அவ்வசதி இல்லை. நூறு கடிதத்துக்கு ஒருவரோ இருவரோ பதிலளித்தால் அதுவே நல்ல பலன் எனக் கருதப்படும். ஆகவே ஒரே விலாசத்துக்குச் சில வாரங்களுக்கொரு முறை ஐந்து, ஆறு தடவைகள் எழுதுவர். முதற் கடிதம் வந்தபோது மறுத்தவர், ஏலத் திகதி நெருங்கும்போது வரும் ஆறாவது கடிதத்துக்கு இணங்கக்கூடும் என்பதே எதிர்பார்ப்பு.

இனி விலைக் கணக்கைப் பார்ப்போம். வாங்கித் திருத்தி விற்போரிடையே எழுபது சதவீத விதி என்றொன்று வழங்குகிறது. திருத்தியபின் வீடு பெறக்கூடிய விலையில் எழுபது சதவீதத்தை எடுத்து, அதிலிருந்து திருத்தச் செலவைக் கழித்தால் வருவதே கொடுக்கக்கூடிய உச்ச விலை. ஒரு கற்பனைக் கணக்கு: திருத்திய வீடு 3 இலட்சம் டொலர் பெறுமெனின், எழுபது சதவீதம் 2 இலட்சத்து 10 ஆயிரம். திருத்தச் செலவு 40 ஆயிரமெனின், மிகுதி 1 இலட்சத்து 70 ஆயிரம். கடிதம் எழுதியவர் தாமே வாங்குபவராயின் இத்தொகை வரை தரலாம். ஆனால் கடிதம் எழுதுவோரிற் பலர் வாங்குவதில்லை. உரிமையாளருடன் ஒப்பந்தம் செய்து, அந்த ஒப்பந்தத்தை வேறொரு முதலீட்டாளருக்கு விற்று இடைலாபம் பெறுகின்றனர். அதற்குப் 10 ஆயிரம் ஒதுக்கினால், உரிமையாளருக்குச் சொல்லப்படும் விலை 1 இலட்சத்து 60 ஆயிரம். அதே வீடு திருத்தாத நிலையிலேயே சந்தைக்கு வந்து 2 இலட்சத்து 20 ஆயிரத்துக்கு விலைபோயிருந்தால், 6 சதவீதத் தரகுக் கூலி போக 2 இலட்சத்து 6 ஆயிரத்து 800 அவருக்குக் கிடைத்திருக்கும். தரகுக் கூலி இல்லை என்ற ஆறுதல் வாக்கியத்தின் விலை இக்கணக்கில் 46 ஆயிரத்து 800 டொலர்.

இதனைக் கொண்டு இவ்வியாபாரம் முழுவதும் மோசடி என முடிவுகட்டுவது நியாயமாகாது. கூரை ஒழுகும் வீட்டுக்கு வங்கிகள் இலகுவில் ஈட்டுக் கடன் தருவதில்லை. ஆகவே சாதாரணக் குடும்பம் அதனை வாங்க இயலாது. குப்பையும் தட்டுமுட்டுச் சாமான்களும் நிறைந்த வீட்டை அந்நியர் பலர் வந்து பார்ப்பதைச் சகிக்கமுடியாதவர்களும் உளர். தொலைவிலிருக்கும் வாரிசுக்கு ஆறுமாதம் காத்திருப்பதைவிட மூன்று வாரத்திற் கிடைக்கும் குறைந்த தொகை உண்மையிலேயே மேலானதாக இருக்கலாம்.

வரிப்பாக்கி விடயத்தில் நிலைமை இன்னும் சிக்கலானது. மினசோட்டா மாநிலத்தின் ஹெனப்பின் கவுண்டியில் ஜெரல்டீன் டைலர் என்ற மூதாட்டி, தமது மாடிக் குடியிருப்பை விட்டு முதியோர் வசிப்பிடத்துக்குச் சென்றபின் ஆதன வரியைக் கட்டவில்லை. சுமார் 2,300 டொலர் வரி, வட்டியும் தண்டமும் சேர்ந்து ஏறத்தாழ 15,000 டொலராகியது. கவுண்டி அக்குடியிருப்பைக் கையகப்படுத்தி 40,000 டொலருக்கு விற்று, மிகுதி 25,000 டொலரையும் தானே வைத்துக்கொண்டது. மாநிலச் சட்டம் அதற்கு இடமளித்தது. கடனுக்கு மேற்பட்ட மிகுதியை அரசு எடுத்துக்கொள்வது அரசியலமைப்புக்கு முரணானது என ஐக்கிய அமெரிக்காவின் அதியுயர் நீதிமன்றம் 2023 மே மாதத்தில் ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. அப்போது டைலருக்கு வயது 94. இத்தீர்ப்புக்கு முன்னர் அத்தகைய மாநிலமொன்றில் வரிப்பாக்கி வைத்திருந்தவருக்கு, பாதி விலைக்குக் கேட்டு வந்த மஞ்சள் கடிதம்கூட மீட்சியாகவே இருந்திருக்கும்.

ஆகவே கேள்வி கடிதம் எழுதலாமா, கூடாதா என்பதன்று. கடிதத்தின் இருபுறமும் உள்ளோர் எவ்வளவு அறிந்திருக்கின்றனர் என்பதே கேள்வி. எழுதுபவருக்கு வீட்டின் பரப்பளவு, ஈட்டின் மிகுதி, ஏலத் திகதி, அயல்வீடுகள் விலைபோன தொகை யாவும் தெரியும். பெறுபவருக்குத் தமது வீட்டின் இன்றைய பெறுமதிகூடத் தெரியாதிருக்கலாம். டெக்சஸ் போன்ற சில மாநிலங்களில் வீடு விற்கப்பட்ட விலையைப் பொதுப் பதிவேட்டில் அறிவிக்கவேண்டிய கட்டாயமே இல்லை. அங்கு அயல்வீட்டின் விலையைத் தரகர்கள் தம் பட்டியலில் அறிவர். சாதாரணக் குடிமகன் அறியான். முதுமையடைந்தோரும் மறதிநோய் உற்றோரும் உரிமையாளராக இருக்கையில் இந்த ஏற்றத்தாழ்வு எங்கு கொண்டு சென்று விடும் என்பதை விபரிக்கத் தேவையில்லை.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இதற்கு ஒரு நீண்ட, கசப்பான வரலாறு உண்டு. அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் அரும்பாடுபட்டு வாங்கிய காணிகள் பல, மரணசாசனமின்றித் தலைமுறை தலைமுறையாகக் கைமாறின. நீதிமன்றமும் சட்டத்தரணியும் தமக்கு நட்பானவையல்ல என்ற அச்சமே அதற்கு ஒரு காரணம். இதனால் ஒரே காணிக்கு இருபது, முப்பது பிரிபடாப் பங்காளிகள் உருவாகினர். அவர்களிற் சிலர் அக்காணியைக் கண்டதுமில்லை. ஊக வணிகர் ஒருவர் தூர நகரத்திலுள்ள ஒரு பங்காளியைத் தேடிப்பிடித்து, அவரது சிறு பங்கை அற்ப விலைக்கு வாங்குவார். பங்காளியானதும் பாகப்பிரிவினை வழக்குத் தொடுப்பார். காணியைப் பிரிப்பது வசதியற்றது என நீதிமன்றம் கருதினால் முழுக் காணியும் ஏலத்துக்கு வரும். அங்கு உடன் பணத்துடன் நிற்பவர் அவர் ஒருவராகவே இருப்பார். நூறு வருடம் உழுத குடும்பம் ஒரு பங்காளியின் கையெழுத்தால் வெளியேறும்.

இதனைத் தடுக்கும் நோக்குடன் 2010 இல் மாதிரிச் சட்டமொன்று வரையப்பட்டு, பின்னர் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களால் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஏலத்துக்கு முன்னர் காணியைச் சுயாதீனமாக மதிப்பிடவேண்டும். வழக்குத் தொடுத்தவரின் பங்கை அம்மதிப்புக்கு வாங்கும் வாய்ப்பை ஏனைய பங்காளிகளுக்கு முதலில் அளிக்கவேண்டும் என்பன அதன் முக்கிய ஏற்பாடுகள்.

எமது வாசகர்களுக்கு இது எங்கோ கேட்டது போலிருக்கும். தேசவழமைக்குட்பட்ட காணியை விற்க முனைபவர் அதனை முதலில் தமது கூட்டுரிமையாளருக்கும் வாரிசாகக்கூடியோருக்கும் அறிவிக்க வேண்டும் என்ற முந்தி வாங்கும் உரிமை யாழ்ப்பாணத்தில் நெடுங்காலமாக வழங்கி வருவது. 1947 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அதனை ஒழுங்குபடுத்தியது. இஸ்லாமிய ஷரீஆவிலுள்ள ஷுப்ஆ என்ற உரிமையும் இதனையொத்ததே. எமது முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹப் அவ்வுரிமையைப் பங்காளிக்கே அளிக்கிறது. ஹனபி மத்ஹப் அயலவருக்கும் அளிக்கிறது.

அதைவிட நெருக்கமானதொரு விதியும் இஸ்லாமிய வணிக ஒழுங்கில் உண்டு. சந்தையை நோக்கி வரும் வணிகக் கூட்டத்தை வழியிலேயே எதிர்கொண்டு, அங்குள்ள விலையை அவர்கள் அறியுமுன் பொருளை வாங்கிவிடுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடைசெய்தார்கள். அவ்வாறு வாங்கப்பட்டால், சந்தைக்கு வந்து விலையை அறிந்தபின் அவ்விற்பனையை ஏற்கவோ நிராகரிக்கவோ விற்றவருக்கு உரிமையுண்டு என்றும் ஹதீஸ் கூறுகிறது. சந்தைக்கு வெளியே விற்பவரைத் தேடும் இன்றைய முறையை ஏழாம் நூற்றாண்டின் அரேபியப் பாதையிற் கண்டு, அதற்குப் பரிகாரமாக விற்றவருக்கு மீள எண்ணும் அவகாசத்தை வழங்கிய விதி இது.

அமெரிக்க மாநிலங்கள் பிற்காலத்தில் வந்தடைந்த பரிகாரமும் ஏறத்தாழ இதுவே. கலிபோர்னியா 1979 இல் இயற்றிய சட்டம், ஏல நடவடிக்கைக்குட்பட்ட தமது வசிப்பிடத்தை முதலீட்டாளருக்கு விற்பவர் ஐந்து வேலை நாட்களுக்குள் ஒப்பந்தத்தை ரத்துச் செய்யலாம் என்றது. அதற்குள் ஏலத் தினம் வந்துவிட்டால் அன்று காலையுடன் அவகாசம் முடிந்துவிடும். நியூயோர்க் 2006 இல் வீட்டுப் பெறுமதித் திருட்டைத் தடுக்கும் சட்டத்தை இயற்றியது. இல்லினோய் மாநிலம் 2019 இல், ஒப்பந்தங்களை வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்வோர் தரகர் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் என்றது. ஒக்லஹோமா 2021 இல் இயற்றிய சட்டம் தனது பெயரிலேயே இத்தொழிலின் ஒரு பகுதியை வேட்டைத்தனமானது என வர்ணித்தது. பென்சில்வேனியாவின் 2024 ஆம் ஆண்டுச் சட்டமும் அனுமதிப்பத்திரத்தைக் கட்டாயமாக்கியது. நியூயோர்க்கில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. கடிதத் தொல்லை மிகுந்த பகுதிகள் தனி வலயங்களாகப் பிரகடனப்படுத்தப்படும். அங்கு வசிக்கும் உரிமையாளர் தமது பெயரைப் பதிவுசெய்தால், தரகர்களும் வீடு வாங்குவதைத் தொழிலாகக் கொண்டோரும் அவரை அணுகுவது தடைசெய்யப்படும்.

அனர்த்த காலங்களில் இவ்விடயம் மிகக் கூர்மையடைகிறது. 2023 ஓகஸ்டில் ஹவாய்த் தீவுகளிலுள்ள லஹைனா நகரம் எரிந்து சுமார் நூறு பேர் மாண்டனர். சாம்பல் ஆறுமுன்னரே காணியை விற்கும்படி கேட்டு அழைப்புகள் வரத்தொடங்கின. ஆளுநர் ஜோஷ் கிறீன் அவசரகாலப் பிரகடனத்தின் மூலம், பாதிக்கப்பட்ட தபாற் பிரிவுகளிலுள்ள உரிமையாளர்களிடம் கேளாமலே சென்று விலைபேசுவதைத் தடைசெய்தார். 2025 ஜனவரியில் லொஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டத்தில் பெருந்தீ பரவியபோது, கலிபோர்னிய ஆளுநர் கவின் நியூசம் ஒரு வாரத்துக்குள் இதேபோன்ற கட்டளையைப் பிறப்பித்தார். தீக்கு முந்திய நாளின் சந்தைப் பெறுமதிக்குக் குறைவான விலையைத் தாமாகச் சென்று கூறுவது, முதற்கட்டமாக மூன்று மாதங்களுக்குத் தடைசெய்யப்பட்டது. எரிந்த இடங்களுள் ஒன்றான அல்டடீனா, வேறிடங்களில் வீடு வாங்க விடப்படாத காலத்திற் கறுப்பினக் குடும்பங்கள் காலூன்றிய ஊர்களுள் ஒன்று.

இடம்பெயர்ந்தவனிடம் காணி கேட்பவன் முதலில் வருவான் என்பதை அறிய நாம் ஹவாய்க்குச் செல்லவேண்டியதில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும், அதற்கு முன்னும் பின்னும் பலமுறை இடம்பெயர்ந்த தமிழரும், திரும்பும் நாள் தெரியாத நிலையில் விற்ற காணிகளின் விலையை இன்றும் நினைவுகூருவர். எமது பொதுச் சட்டமான ரோம-டச்சுச் சட்டத்தில், உண்மைப் பெறுமதியின் பாதிக்கும் குறைந்த விலைக்கு விற்றவர் நிவாரணம் கோரும் ஒரு கோட்பாடு உண்டு. இதனை அறிந்து நீதிமன்றம் சென்றவர்கள் மிகச் சிலரே.

அமெரிக்காவிலுள்ள எம்மவருக்கு இத்தகைய கடிதமொன்று வருமாயின், ஒப்பந்தத்தில் கவனிக்கவேண்டிய ஓரிடமுண்டு. வாங்குபவரின் பெயருக்கு அருகில் 'அல்லது அவரால் உரித்தளிக்கப்படுவோர்' என்ற பொருளில் ஒரு சிறு தொடர் இருந்தால், கையெழுத்திடுபவர் இறுதியில் யாருக்கு விற்கிறார் என்பது அவருக்கே தெரியாது. விலை குறைவென உணர்ந்து பின்வாங்க எண்ணுவோர் சிலர், தமது காணியின் பதிவில் அந்த ஒப்பந்தம் பற்றிய குறிப்பொன்று ஏற்கனவே பதியப்பட்டிருப்பதைக் காண்கின்றனர். அது நீங்கும்வரை வேறெவருக்கும் விற்பது கடினம். அவரது விலாசத்தைக் கொடுத்த அதே பதிவேடு இப்போது அவரது கையையும் கட்டிவிடுகிறது.

இலங்கையின் காணிப் பதிவகங்களும் கட்டணம் செலுத்தும் எவருக்கும் திறந்தவையே. ஏடுகள் காணிவாரியாக அமைந்திருப்பதால், துன்பத்திலுள்ளோரைத் தெரிந்தெடுக்க அவை இலகுவில் உதவுவதில்லை. பதிவேடுகளைக் கணினிமயமாக்கும் முயற்சி முன்னேறும்போது இது மாறலாம். ஏட்டை எந்தெந்த வகையில் தேட அனுமதிப்பது, மொத்தமாகப் பிரதிபண்ணி விற்க இடமளிப்பதா என்பவற்றை 2022 ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்துடன் சேர்த்து இப்போதே ஆராயவேண்டும். ஏட்டை மூடுவது பரிகாரமாகாது. போலி உறுதிகள் மலிந்த நாட்டில் மூடிய ஏடு மோசடிக்காரருக்கே உதவும்.

எமது ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டத்தில் பலரும் அறியாத ஒரு வசதி உள்ளது. ஒரு காணியைப் பாதிக்கும் ஆவணம் எதுவும் பதிவுக்கு வந்தால் தமக்கு அறிவிக்குமாறு கோரும் கேவியற் ஒன்றை, உரிய கட்டணத்துடன் காணிப் பதிவகத்திற் பதியலாம். அது குறித்த காலத்துக்கே செல்லுபடியாகும். பின்னர் புதுப்பிக்க வேண்டும். ரொறன்ரோவிலோ பாரிஸிலோ புத்தளத்திலோ இருந்துகொண்டு, ஊரிலுள்ள முதுசக் காணியின் பிரிபடாப் பங்கை எண்ணிக் கவலைப்படுவோர் அடுத்தமுறை சட்டத்தரணியைச் சந்திக்கும்போது இதனைப் பற்றிக் கேட்கலாம்.